ஒரு டன்னுக்கு நாலு கிராம்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம். அதான் ஒன்றரை மாசமா இந்தப் பக்கம் தலை காட்டல. இன்னைக்கு எழுதப் போறது வரலாறு. ஆனா ராஜா, ராணி, கல்வெட்டு எதுவும் கிடையாது. "இந்தச் சரக்கு இருக்கா, என்ன விலை?"ன்னு ஒருத்தர் இன்னொருத்தரைக் கேட்கிற என்கொயரியோட வரலாறு. அதுவும் கிராஃபைட் வாங்கின கதை. ஓடிடாதீங்க :-) உலகத்தையே புரட்டிப் போட்ட கொள்முதல் இது.

முதல்ல ஒரு சொந்தக் கதை. சோகக் கதைதான்.

நான் பொட்டி தட்டுறது கொள்முதல் மென்பொருள்ல. தொழிற்சாலைங்க சரக்கு வாங்கிறதுக்கு முன்னாடி நாலஞ்சு சப்ளையருக்கு என்கொயரி அனுப்புவாங்க இல்லையா, அந்தத் திரையைச் செஞ்சவன் அடியேன். பொருள் பெயர், நீளம், அகலம், உயரம், எண்ணிக்கை, எந்தத் தேதிக்கு வேணும். அவ்வளவுதான். முதல்ல கீழ 'குறிப்பு'ன்னு ஒரு பெட்டி வெச்சிருந்தேன். அதுல ஆளாளுக்குக் கண்டதையும் எழுதுறாங்க, ரிப்போர்ட் எடுக்க முடியலன்னு நானே அதைத் தூக்கிட்டேன். திரை பளிச்சுனு ஆயிடுச்சு. டேமேஜர் பாராட்டினார். (வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிற அதிசயம்!)

கோயம்புத்தூர் பக்கம் ஒரு சின்ன ஆலை. உருக்கின கன்மெட்டலை கிராஃபைட் டை வழியா இழுத்து, நீள நீளமான கம்பியா வார்க்கிறவங்க. நம்ம திரை வழியா 'கிராஃபைட் பிளாக்'னு அளவு மட்டும் போட்டு என்கொயரி போச்சு. குறைஞ்ச விலை சொன்னவருக்கு ஆர்டர். சரக்கும் சொன்ன தேதிக்கு வந்துச்சு, அளவும் மில்லிமீட்டர் பிசகல. லேத்துல மாட்டித் துளை போட்டா, உள்பக்கம் பொடிப் பொடியா உதிருது. வந்தது உருக்காலை மின்முனைக்குப் போடுற மாதிரி பெருமணி ரகம். அவங்களுக்கு வேண்டியது மாவு மாதிரி நுண்மணி ரகம். மொத்தச் சரக்கும் வீண்.

நேர்ல போய் நின்னேன். ஸ்டோர்ஸைப் பார்த்துக்கிற பெரியவர் திட்டல. அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

"சரக்குக்காரர் மேல தப்பில்லீங்க தம்பி. என்னத்துக்குன்னு நாம சொல்லலை, அவரும் கேட்கலை. முன்னெல்லாம் கையில எழுதறப்போ 'டை போடறதுக்கு'ன்னு ஒரு வரி எழுதிருவனுங்க. உங்க பொட்டியில அதுக்கு எடமில்லீங்களே" அப்படின்னார்.

அந்த ஒரு வரியைத் தூக்கினவன் நான்தான்னு அவர்கிட்ட சொல்ல வாய் வரல. ஊருக்குத் திரும்பினதும் குற்ற உணர்ச்சியில கிராஃபைட் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க, அந்தப் பெரியவர் சொன்ன அதே விஷயம் 1940-ல நியூயார்க்லயும் ஜெர்மனியிலயும் நடந்திருக்கு. அதுதான் இந்தப் பதிவு.

கரிக்குச்சி தெரியுமா?

சின்ன வயசுல தீர்ந்து போன எவரெடி பேட்டரியைக் கல்லால உடைச்சவங்க எல்லாம் கையைத் தூக்குங்க. உள்ள கறுப்பா ஒரு குச்சி இருக்குமே, அதால சுவத்துல கிறுக்கி அடி வாங்கியிருப்பீங்களே, அதுதான் கார்பன் குச்சி. எங்க தாத்தா டூரிங் டாக்கீஸ்ல ஆபரேட்டரா இருந்தவர். அந்தக் காலத்து ப்ரொஜெக்டர்ல பல்பு கிடையாதாம். ரெண்டு கார்பன் குச்சியைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு மின்சாரம் விட்டா, நடுவுல கண்ணைப் பறிக்கிற வெளிச்சம். குச்சி எரிஞ்சு குறையக் குறைய இடைவெளியைச் சரி பண்ணிக்கிட்டே இருக்கணும். கொஞ்சம் கண்ணசந்தா திரை மங்கி, கொட்டாய்ல விசில் பறக்கும்னு சொல்லுவார்.

இந்தக் குச்சிகளைச் செய்யற தொழில்ல அமெரிக்காவுல பெரிய கை, 1886-ல கிளீவ்லாந்துல ஆரம்பிச்ச நேஷனல் கார்பன் கம்பெனி. அங்கே எவரெடி பேட்டரியும் அவங்க தயாரிப்புதான். இந்தக் கதையில முக்கியமான வியாபாரி இவங்க.

கரியைச் சுட்டா கிராஃபைட்டா மாறும்னு தொழில்முறையில செஞ்சு காட்டினவர் எட்வர்ட் அச்சிசன். கார்பரண்டம்ங்கிற சாணைப் பொருளைச் செய்யும்போது உலை அளவுக்கு மேல சூடாகி, உள்ள சுத்தமான கிராஃபைட் மிஞ்சினதைக் கவனிச்சார். 1896-ல காப்புரிமை. நயாகரா அருவியில மின்சாரம் மலிவா கிடைச்சதால அங்கயே தொழிற்சாலை. பெட்ரோலியக் கோக்கைப் பொடிச்சு, தார்ப்பிசின் சேர்த்து அச்சுல அழுத்தி, சுட்டு, கடைசியா மின்சார உலையில 3,000 டிகிரிக்குப் பக்கமா காய்ச்சினா செயற்கை கிராஃபைட். 1928-ல அச்சிசனோட கம்பெனியும் நேஷனல் கார்பன் கைக்கு வந்துச்சு.

நம்ம சிவகங்கைப் பக்கம் மண்ணுலேர்ந்து வெட்டி எடுக்கிறதும் கிராஃபைட்தான், இலங்கை போகலாச் சுரங்கத்துல கிடைக்கிறதும் கிராஃபைட்தான். ஆனா அதெல்லாம் இயற்கைச் சரக்கு. ஒரே பேர், வேற வேற பொருள். வெறும் 'கிராஃபைட் வேணும்'னு எழுதறது, கடைக்குப் போய் 'அரிசி வேணும்'னு நிக்கிற மாதிரி. பொன்னியா, இட்லி அரிசியா, பச்சரிசியான்னு கடைக்காரர் திருப்பிக் கேட்டாத்தான் உண்டு.

பெட்டியும் கையுமா ஒரு மனுஷன்

லியோ சிலார்ட். 1898-ல புடாபெஸ்ட்ல பிறந்த இயற்பியலாளர். ஹிட்லர் வந்ததும் பெர்லினை விட்டுக் கிளம்பினவர். ஓட்டல் அறையே வீடு, ரெண்டு சூட்கேஸ்தான் சொத்து, தொட்டித் தண்ணியில மணிக்கணக்கா ஊறிக்கிட்டே யோசிப்பார். 1933-ல லண்டன்ல ஒரு சிக்னல்ல தெருவைக் கடக்கும்போது அணுத் தொடர்வினைங்கிற யோசனை வந்துச்சுன்னு சொல்லுவார். ஒரு அணு உடையும்போது வர்ற நியூட்ரான் இன்னும் ரெண்டை உடைச்சா, அந்த ரெண்டும் நாலை உடைச்சா... அதுதான் தொடர்வினை.

1938 கடைசியில பெர்லின்ல ஹானும் ஷ்ட்ராஸ்மனும் யுரேனியத்தை உடைச்சாங்க. லிசே மைட்னரும் ஃப்ரிஷும் அது என்னன்னு விளக்கினாங்க. இப்ப நியூயார்க்ல இருந்த சிலார்டுக்கும், கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்த என்ரிகோ ஃபெர்மிக்கும் ஒரே கவலை. யுரேனியத்துலேர்ந்து வெளியே வர்ற நியூட்ரான் ரொம்ப வேகம். அதோட வேகத்தைக் குறைச்சாத்தான் அடுத்த அணுவை நல்லா உடைக்கும். வேகத்தைக் குறைக்க ஒரு பொருள் வேணும், ஆனா அந்தப் பொருள் நியூட்ரானை முழுங்கிடக் கூடாது. சாதாரணத் தண்ணி வேகத்தைக் குறைக்கும், ஆனா முழுங்கிடும். கனநீர் ரொம்ப நல்லது, ஆனா கிடைக்காது, விலையும் கட்டாது.

1939 ஜூலை முதல் வாரம். ஃபெர்மி கோடை விடுமுறைக்கு மிச்சிகன் போயிருந்தார். சிலார்ட் அவருக்குக் கடிதத்து மேல கடிதம் போட்டார். கார்பனை முயற்சி பண்ணலாமேங்கிறதுதான் விஷயம். பதில் வர்ற வரைக்கும் சும்மா இருக்கலை. அதே மாசம் நேஷனல் கார்பன் கம்பெனியை அணுகி, கிராஃபைட் பத்தி விசாரிக்க ஆரம்பிச்சுட்டார். கையில காசு கிடையாது, பதவி கிடையாது, லெட்டர்பேட் கூட இல்லாத வாடிக்கையாளர் :-)

காசு எங்கேர்ந்து வந்துச்சு? ஐன்ஸ்டைன் கையெழுத்துப் போட்டு ரூஸ்வெல்டுக்குப் போன பிரபலமான கடிதம் எல்லாருக்கும் தெரியும். 1939 ஆகஸ்ட் 2 தேதியிட்டது. அதன் விளைவா அக்டோபர் 21-ஆம் தேதி வாஷிங்டன்ல ஒரு அரசுக் குழு கூடுச்சு. எவ்வளவு வேணும்னு கேட்டாங்க. எட்வர்ட் டெல்லர் சொன்ன தொகை 6,000 டாலர். எதுக்கு? கிராஃபைட் வாங்க! அங்க இருந்த ராணுவ அதிகாரி, போர்ல ஜெயிக்கிறது ஆயுதத்தால இல்ல, மன உறுதியாலன்னு நீளமா பேசினார். விக்னர் ரொம்ப மரியாதையா, அப்படின்னா ராணுவத்துக்கு ஒதுக்குற பணத்தைக் குறைச்சுடலாமேன்னு கேட்டார். பணம் கிடைச்சுது. மன்ஹாட்டன் திட்டத்துக்கு அமெரிக்க அரசு போட்ட பிள்ளையார் சுழி, ஒரு கிராஃபைட் கொள்முதல்!

வந்த சரக்கும் வராத கேள்வியும்

1940 தொடக்கத்துல அந்தப் பணத்துல சுமார் 4 டன் கிராஃபைட் கொலம்பியாவுக்கு வந்து இறங்குச்சு. செங்கல் மாதிரி வெட்டி அடுக்கினாங்க. அடுக்கினது கூலியாள் இல்ல, நோபல் பரிசு வாங்கின ஃபெர்மியும் அவரோட மாணவர் ஹெர்பர்ட் ஆண்டர்சனும்தான். சாயங்காலம் வெளிய வரும்போது தலையிலேர்ந்து கால் வரைக்கும் கரி. அளந்து பார்த்ததுல, கார்பன் நியூட்ரானை ரொம்பக் கொஞ்சமாத்தான் முழுங்குதுன்னு தெரிஞ்சுது. ஆக, கார்பன் உதவும்.

ஆனா கடையில கிடைக்கிற கிராஃபைட்டுங்கிறது சுத்தமான கார்பன் இல்லையே? நம்ம ஸ்டோர்ஸ் பெரியவர் சொன்ன விஷயம் இங்கதான் வருது.

வியாபாரியைப் பொறுத்தவரை அவர் விக்கிறது தரமான சரக்கு. உருக்காலைக்குப் போற மின்முனையில மின்சாரம் ஒழுங்கா போகணும், சூட்டுல வெடிக்கக் கூடாது, சாம்பல் குறைவா இருக்கணும். இதையெல்லாம் அவர் அளக்கிறார், உத்தரவாதமும் தர்றார். நியூட்ரானை எவ்வளவு முழுங்கும்னு உலகத்துல எந்த வாடிக்கையாளரும் அதுவரைக்கும் கேட்டதில்ல. கேட்காத கேள்விக்கு எந்தச் சான்றிதழ்லயும் பதில் இருக்காது.

ஃபெர்மியும் சிலார்டும் என்ன செஞ்சாங்க? கொட்டேஷன் வாங்கிக்கிட்டு நிறுத்தலை. நேஷனல் கார்பன் ஆளுங்களோட உட்கார்ந்து பேசினாங்க. எதிர்ல இருந்தவங்க ஹெர்பர்ட் மெக்ஃபர்சன், ஹாமிஸ்டர். ரெண்டு பேரும் விற்பனைப் பிரதிநிதி இல்ல, சரக்கோட உள்விவரம் தெரிஞ்ச ஆளுங்க. மெக்ஃபர்சன் கார்பன் வில்விளக்கை ஆராய்ச்சி பண்ணினவர். எங்க தாத்தா டாக்கீஸ்ல எரிச்ச அதே வெளிச்சத்தோட இயற்பியல்! எங்களுக்கு இன்ன மாதிரி வேணும், இன்னது இருந்தா கெட்டுப் போயிடும்னு இவங்க சொல்ல, எங்க சரக்குல இன்னது இன்னது கலந்திருக்கும்னு அவங்க சொல்ல, அந்தப் பேச்சுலதான் வில்லன் பேர் வெளிய வந்துச்சு. போரான்.

இதுல ஒரு சின்னக் கணக்கு. ரெண்டு நிமிஷம் பொறுத்துக்குங்க.

ஒரு போரான் அணு, ஒரு கார்பன் அணுவைவிட ரெண்டு லட்சம் மடங்குக்கும் மேல நியூட்ரானை முழுங்கும். அதனால பத்து லட்சம் பங்கு கிராஃபைட்ல ஒரே ஒரு பங்கு போரான் கலந்தாலே, மொத்த முழுங்கல் கிட்டத்தட்ட கால்வாசி ஏறிடும். நாலு பங்கு கலந்தா ரெட்டிப்பு. அதாவது ஒரு டன் கிராஃபைட்டுக்கு நாலு கிராம். பாயசத்துக்கு ஏலக்காய் போடுற அளவுகூட இல்ல! உருக்காலைக்காரனுக்கு இது ஒரு பொருட்டே கிடையாது. அணு உலைக்காரனுக்கு இதுதான் வாழ்வும் சாவும்.

அந்தப் பேச்சுக்கு அப்புறம் நேஷனல் கார்பன் தன்னோட செய்முறையையே மாத்திக்க ஆரம்பிச்சுது. கூடுதல் சூடு, வாயு விட்டுச் சுத்தம் செய்யறதுன்னு வழி கண்டுபிடிச்சாங்க. அப்படி வந்த ரகத்துக்கு ஏஜிஓடின்னு பேர். அணு உலைக்குன்னே செய்யப்பட்ட முதல் கிராஃபைட்னு சொல்லலாம்.

அது வரும் முன்னாடி, 1941 செப்டம்பர்ல கடைச் சரக்கை வெச்சு கொலம்பியாவுல ஒரு பெரிய அடுக்கு கட்டிப் பார்த்தாங்க. தொடர்வினை தானா ஓடணும்னா பெருக்கற்காரணி 1-ஐத் தொடணும். வந்தது 0.87. மீதி 0.13-ஐ எங்கேர்ந்து எடுக்கிறது? அடுக்குற விதத்துலேர்ந்து கொஞ்சம், யுரேனியத்தோட சுத்தத்துலேர்ந்து கொஞ்சம், கிராஃபைட்டோட சுத்தத்துலேர்ந்து கொஞ்சம்.

சொல்லாம விட்ட பதில்

நடுவுல ஒரு சண்டை. 1940 வசந்தத்துல கிராஃபைட் அளவீடு முடிஞ்சதும், இந்த எண்ணை வெளியிடக் கூடாதுன்னு சிலார்ட் அடம் பிடிச்சார். ஃபெர்மிக்குக் கோபம் வந்துடுச்சு. விஞ்ஞானம்னா வெளிய சொல்றதுதானேங்கிறது அவர் கட்சி. முசோலினி நாட்டுல இருந்து தப்பி வந்தவருக்கு மூடி மறைக்கிறது எப்படிப் பிடிக்கும்? கடைசியில டீன் பெக்ரம் சிலார்ட் பக்கம் சாய்ஞ்சார். எண் வெளிய வரல.

அதே சமயம் ஹைடல்பர்க்ல வால்டர் போத்தே அதே கேள்வியோட உட்கார்ந்திருந்தார். சாதாரண ஆள் இல்ல, பின்னாடி 1954-ல நோபல் வாங்கப் போறவர். 1941 ஜனவரியில யென்சன்ங்கிறவரோட சேர்ந்து அளந்தார். சீமென்ஸ் கம்பெனியோட உயர்தர கிராஃபைட். தொழிற்சாலைக் கணக்குப்படி அதைவிடச் சுத்தமான சரக்கு கிடையாது. அளந்தா, கிராஃபைட் நியூட்ரானை ரொம்ப முழுங்குதுன்னு விடை. அசல் கார்பனோட மதிப்பைவிடக் கிட்டத்தட்ட ரெட்டிப்பு.

என்ன ஆச்சு? சரக்குல இருந்த போரான் ஒரு காரணம்னும், கல்லுக்குக் கல் இருந்த இடுக்குல காத்தோட நைட்ரஜன் இன்னொரு காரணம்னும் சொல்றாங்க. எப்படியோ, 'சுத்தமானது'ங்கிற ஒரு வார்த்தையை வாங்கினவரும் வித்தவரும் ரெண்டு அர்த்தத்துல புரிஞ்சுக்கிட்டாங்க. அளவு கச்சிதம், சரக்கு தப்பு. என் கன்மெட்டல் ஆலையேதான்.

நிறைய பேர் கதையை இங்கயே முடிச்சு, போத்தேயோட ஒரு தப்பால ஹிட்லருக்கு அணுகுண்டு கிடைக்கலன்னு எழுதிடுவாங்க. அவ்வளவு சுலபம் இல்ல. வில்ஹெல்ம் ஹான்லேன்னு இன்னொரு ஜெர்மன் விஞ்ஞானி, பிரச்சினை கார்பன்ல இல்ல, கலந்திருக்கிற போரான் மாதிரி அசுத்தத்துலன்னு கண்டுபிடிச்சு ராணுவத்துக்கு 1941-லயே சொல்லிட்டார். அதாவது சரியான கேள்வி அங்கயும் கேட்கப்பட்டுச்சு. ஆனா அவ்வளவு சுத்தமா கிராஃபைட் செய்யற செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்துட்டு, நார்வேயைப் பிடிச்சு வெச்சிருக்கோம், அங்க கனநீர் வருது, அதுவே போதும்னு ராணுவம் முடிவு பண்ணிடுச்சு. இங்க சிலார்ட் சரக்கு செய்யறவங்களை எதிர்ல உட்கார வெச்சார். அங்க அறிக்கை மேசைக்கு மேசை நகர்ந்து, விலைப் பத்தியில நின்னு போச்சு.

அந்தக் கனநீருக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். வெமோர்க் ஆலை 1943 பிப்ரவரியில நார்வே வீரர்களால தகர்க்கப்பட்டுச்சு, நவம்பர்ல குண்டு விழுந்துச்சு, 1944 பிப்ரவரி 20 அன்னைக்கு மிச்சச் சரக்கை ஏத்திக்கிட்டுப் போன படகே ஏரியில மூழ்குச்சு. படகுல வந்த அப்பாவி ஊர்க்காரங்களும் செத்தாங்க. ஒரே ஒரு இடத்துலேர்ந்து வர்ற சரக்கை நம்பினா என்ன ஆகும்ங்கிறதுக்கு இதைவிடப் பெரிய பாடம் பர்ச்சேஸ் புத்தகத்துல இருக்காது.

45,000 கல்

அமெரிக்காவுல 1942-ல வேலை சிகாகோவுக்கு மாறுச்சு. நேஷனல் கார்பன் மட்டும் இல்ல, ஸ்பீர் கார்பன்ங்கிற கம்பெனியையும் சேர்த்துக்கிட்டாங்க. ஒரு சரக்குக்கு ரெண்டு சப்ளையர்! பழைய கடைச் சரக்கைவிட நியூட்ரான் முழுங்கறது சுமார் 20 சதவீதம் குறைவான கிராஃபைட் வர ஆரம்பிச்சுது. உருக்காலைங்களும் போர்த் தேவைக்கு கிராஃபைட் கேட்ட நேரம்கிறதால, போர்க்கால உற்பத்தி வாரியத்தோட ஒத்துழைப்போடதான் பெரிய ஆர்டர் போட முடிஞ்சுது.

வந்த சரக்கையும் அப்படியே நம்பலை. எந்தக் கம்பெனி, எந்த ரகம்னு பிரிச்சு, ஒவ்வொண்ணும் எவ்வளவு முழுங்குதுன்னு தாங்களே அளந்தாங்க. நல்லது நடுவுக்கு, சுமாரானது ஓரத்துக்கு. மரம் இழைக்கிற மெஷின்ல கல்லை இழைச்சாங்க. அந்த வட்டாரத்துப் பையன்களையும் கூலிக்கு வெச்சுக்கிட்டாங்க. தரையெல்லாம் கிராஃபைட் தூள், நடந்தா வழுக்கும். பல்கலைக்கழக விளையாட்டரங்கத்து மேடைக்கு அடியில, சுமார் 45,000 கல்லு, முந்நூறு டன்னுக்கும் மேல கிராஃபைட், 57 அடுக்கு.

1942 டிசம்பர் 2, பிற்பகல் 3.25. பெருக்கற்காரணி 1-ஐத் தாண்டுச்சு. வந்த எண் 1.0006. அந்தப் புள்ளிக்கு அப்புறம் மூணு சைபரைப் பாருங்க மக்களே. கல்லுல கொஞ்சம் போரான் கூடியிருந்தா அன்னைக்கு அந்தக் கோட்டைத் தாண்டியிருக்க முடியாது, இன்னும் பெருசா கட்ட வேண்டியிருந்திருக்கும்.

சரி, இன்னைக்கு கிராஃபைட் வாங்கணும்னா?

இதெல்லாம் படிச்சப்புறம் என் திரையைத் திருப்பிச் செஞ்சேன். பெரியவர்கிட்டயும் இன்னும் நாலு ஆலையிலயும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன், யாருக்காவது உதவும்.

முதல் வரி: எதுக்கு? டையா, உலைக்குள்ள வைக்கிற தட்டா, பம்பு சீலா, மின்முனையா. ரெண்டாவது, எந்தச் சூழல்? காத்து படுற இடம்னா கிராஃபைட் 500 டிகிரி வாக்குலயே எரிய ஆரம்பிக்கும். வெற்றிட உலைன்னா 2,000 டிகிரிக்கு மேலயும் கல்லு மாதிரி நிக்கும். மூணாவது, எப்படிச் செஞ்சது? பிதுக்கினதா, அச்சுல அழுத்தினதா, எல்லாப் பக்கத்துலேர்ந்தும் சமமா அழுத்தினதா? பிதுக்கின சரக்குல நீளவாட்டுக்கு ஒரு குணம், குறுக்குவாட்டுக்கு வேற குணம். அதனால பாகத்தை எந்தத் திசையில வெட்டணும்னும் சொல்லணும். அப்புறம் மணி அளவு, அடர்த்தி, வளைவு வலிமை, மின்தடை, சாம்பல் எத்தனை பிபிஎம், துளைகளை ரெசினோ உலோகமோ வெச்சு அடைக்கணுமா, வரைபடம், பிசகு அளவு, சோதனைச் சான்றிதழ். இதுக்கெல்லாம் அப்புறம்தான் எண்ணிக்கையும் தேதியும். நான் எதை மட்டும் வெச்சிருந்தேனோ அது கடைசியில வருது!

அணு உலை கிராஃபைட்டுக்கு இன்னைக்கு அமெரிக்கத் தர நிர்ணயம் இருக்கு, ஏஎஸ்டிஎம் டி7219ன்னு. அதுல 'போரான் சமானம்'னு தனியா ஒரு வரம்பு உண்டு. நியூட்ரானை முழுங்குற எல்லா அசுத்தத்தையும் சேர்த்து, இது எவ்வளவு போரானுக்குச் சமம்னு சொல்ற எண். அன்னைக்கு நாலு பேர் உட்கார்ந்து பேசிக் கண்டுபிடிச்ச கவலை, இன்னைக்கு அட்டவணையில ஒரு வரி. நல்ல ஸ்பெசிஃபிகேஷன்ல இருக்கிற ஒவ்வொரு வரிக்குப் பின்னாலயும் எவனோ ஒருத்தன் பட்ட அடி இருக்கும்னு இப்பத்தான் புரியுது.

எதுக்கு?

இதோட முடிச்சுட்டா 'கேள்வி கேளுங்க, ஜெயிங்க'ன்னு ஒரு தன்னம்பிக்கைப் பதிவாயிடும். அது பொய்யாயிடும். ஏன்னா அந்த கிராஃபைட்டோட கதை சிகாகோவோட முடியல.

அந்த அடுக்கைப் பார்த்துத்தான் ஹான்ஃபோர்டுல பெரிய கிராஃபைட் உலைங்க வந்துச்சு. அதுல புளூட்டோனியம் உண்டாச்சு. 1945 ஆகஸ்ட் 9 அன்னைக்கு நாகசாகி மேல விழுந்தது அந்தப் புளூட்டோனியம். சிலார்ட் ஜெர்மனிக்கு முன்னாடி ஜெயிச்சாகணும்ங்கிற பயத்துலதான் கிராஃபைட்டைத் தேடினார். 1945 மேயில ஜெர்மனி சரணடைஞ்சாச்சு. அப்ப அவர் திருப்பிக் கேட்டார்: இப்ப எதுக்கு? ஜூலை 17 தேதியிட்ட மனு, சிகாகோ விஞ்ஞானிகள் 70 பேர் கையெழுத்து, ஜப்பான் மேல போடுறதுக்கு முன்னாடி யோசிங்கன்னு ட்ரூமனுக்கு வேண்டுகோள். குண்டு விழறதுக்கு முன்னாடி அது ஜனாதிபதி கைக்குப் போய்ச் சேரவே இல்ல. கிராஃபைட் வியாபாரி அவர் கேள்விக்கு மரியாதையா உட்கார்ந்து பதில் சொன்னார். அரசாங்கம் சொல்லலை.

இன்னொண்ணு. நேஷனல் கார்பன் தனிக் கம்பெனி இல்ல, 1917-லேர்ந்தே யூனியன் கார்பைடு குடும்பத்துல ஒண்ணு. நாம உடைச்ச எவரெடி பேட்டரியும் இந்தியாவுல பல வருஷம் யூனியன் கார்பைடு இந்தியா பேர்லதான் வந்துச்சு. சிகாகோவுல அந்தக் கல்லு அடுக்கு உயிர் பெற்ற அதே டிசம்பர் 2, 42 வருஷம் கழிச்சு, 1984-ல, ராத்திரி விடியறதுக்குள்ள போபால். தேதி ஒத்துப் போனது தற்செயல்தான், அதுல ஒண்ணும் இல்ல. ஆனா பத்து லட்சத்துல ஒரு பங்கு அசுத்தத்தைத் துரத்திப் பிடிச்ச ஒரு நிறுவனத்தோட குடும்பத்துலதான், தொட்டிக்குள்ள தண்ணி போனதுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாமப் போச்சு. கேள்வி கேட்கிறவன் இருந்தாத்தான் கவனம் இருக்கும் போல.

நான் பெரிய ஆள் இல்ல. குண்டு செய்யறவனும் இல்ல, தடுக்கிறவனும் இல்ல. ஒரு திரையில பெட்டி வைக்கிறவன். இப்ப அந்தத் திரையில முதல் பெட்டியே 'எதுக்கு?'தான். அதை நிரப்பாம அடுத்ததுக்குப் போக முடியாது. டேமேஜருக்குக் கொஞ்சம் வருத்தம், திரை பழைய மாதிரி பளிச்சுனு இல்லையாம்.

போன மாசம் கோயம்புத்தூர் ஆலையிலேர்ந்து ஒரு என்கொயரி போனதைப் பார்த்தேன். 'எதுக்கு?'ங்கிற பெட்டியில பெரியவர் தமிழ்ல தட்டியிருந்தார்: "கன்மெட்டல் டை. உள்பக்கம் உதிரக் கூடாது. சந்தேகம் இருந்தா போன் பண்ணிக் கேளுங்க."

சப்ளையர் போன் பண்ணினாராம்.

டிஸ்கி: உங்க வேலையில 'அந்த ஒரு வரியை எழுதாம விட்டதால' நடந்த கூத்து ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. என்னை மட்டும் தனியா அசிங்கப்பட விடாதீங்க :-)